மூண்டு புள்ளியும் ஒரு விரலும்: எங்கட பட்டறை ஸ்க்ரோல் சோவில நடந்த விபத்தின்ட முழு விபரம்

எங்கட பட்டறையில வேலை செய்யுற தம்பியின்ட இடக்கை ஆள்காட்டி விரல் வாள் பிளேட்டில பட்டது ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆறரை மணி மட்டில. எல்லாத்தையும் திருப்பித் திருப்பி யோசிச்சுப் பாத்தா அந்த விபத்து வெள்ளிக்கிழமை காலமையே தொடங்கிட்டுது எண்டுதான் நான் இப்ப சொல்லுவன், அது எப்பிடி எண்டு விளங்கப்படுத்தத்தான் இத எழுதுறன். எழுதலாமோ எண்டு அவனிட்ட கேட்டனான். "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் போடாதீங்க" எண்டான்.

எங்கட பட்டறை கொட்டாஞ்சேனையில, வீட்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு தகரக் கொட்டில், 10 அடிக்கு 12 அடி. வீட்டுப் பேர்ப்பலகை, கலியாண மேடைக்கு எழுத்து, சாமியறைக்கு ஓம், வேல், இதுகள்தான் வேலை. நான் வேற வேலைக்குப் போய் வாறனான், பின்னேரத்திலயும் சனி ஞாயிறிலயும்தான் பட்டறை, தம்பி முழு நேரம். ஹட்டன் பக்கத்துப் பெடியன், 22 வயசு, கை சரியான நிதானம். இத ஏன் சொல்லுறன் எண்டா விபத்து நடந்த உடன எல்லாரும் "கவனமில்லாமப் பிடிச்சிருப்பான்" எண்டு சொல்லிட்டுப் போச்சினம், அது பிழை.

மெஷின் 16 அங்குல ஸ்க்ரோல் சோ. தெரியாத ஆக்களுக்கு: தையல் மெஷின் மாதிரி ஒரு மேசை, அதுக்கு நடுவில மெல்லிய வாள் பிளேட் ஒண்டு மேலயும் கீழயும் ஓடும், 5 அங்குலம் நீளம். 16 அங்குலம் எண்டுறது பிளேட்டுக்கும் பின்னால இருக்கிற தூணுக்கும் இடையில உள்ள தூரம், பிளேட்டுக்குப் பின்னால அவ்வளவு தூரத்துக்குத்தான் பலகை போகும். ஒரு தரம் மேல கீழ போறது முக்கால் அங்குலம் மட்டில, நிமிசத்துக்கு 400 தரத்தில இருந்து 1600 தரம் வரைக்கும் வேகத்தக் கூட்டிக் குறைக்கலாம். கொழும்பில பழைய வீடுகளில கதவுக்கு மேல காத்துப் போறதுக்கு சரிகை மாதிரி வெட்டின பலகை பாத்திருப்பீங்கள், கூரை ஓரத்திலயும் தொங்கும். முந்தி அத ஓடாவிமார் கை வாளாலதான் வெட்டினவை, ஒரு பூவுக்கு அரை நாள் போகும். அந்த வேலையத்தான் இது மோட்டரில செய்யுது.

வட்ட வாளோட ஒப்பிட்டா இது சாதுவான மெஷின், பலகையத் தூக்கி எறியாது, அதுதான் எல்லாருக்கும் இதில பயம் விட்டுப்போறது. எனக்கும் விட்டுப்போச்சு.

ஓடர் என்னெண்டா வத்தளையில புது வீடு கட்டின ஒரு அன்ரி "எழில் இல்லம்" எண்டு பேர் கேட்டவ. எழுத்து 6 அங்குல உயரம், மரம் அவவே தந்தவ, பழைய வீட்டுக் கதவில மிஞ்சின தேக்கு, 18 மில்லிமீற்றர் தடிப்பு. அம்மாட காலத்துக் கதவாம், அதில ஒரு துண்டெண்டாலும் புது வீட்டில இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டவ. குடிபூரல் ஞாயிற்றுக்கிழமை.

தமிழ் எழுத்து வெட்டுற ஆக்களுக்குத் தெரியும், இங்கிலீஷ் எழுத்து மாதிரி இல்ல, வளைவு கூட, உள்ளுக்குச் சுழி இருக்கும், அதோட மெய்யெழுத்துக்கு மேல புள்ளி இருக்கும். "எழில் இல்லம்" எண்டு எழுதிப் பாருங்கோ, ஒரு ல், இன்னொரு ல், ஒரு ம், மூண்டு புள்ளி. அது எழுத்தோட ஒட்டாது, தனித் துண்டு. 15 மில்லிமீற்றர் அகலத்தில வட்டமா ஒரு சின்னக் கட்டை, நகத்தவிடக் கொஞ்சம் பெரிசு. அதக் கையால பிடிச்சு வெட்டுறது எண்டா விரலுக்கும் பிளேட்டுக்கும் இடையில என்ன தூரம் இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

நடந்தது

வெள்ளிக்கிழமை காலம பத்து மணிக்குப் புது பிளேட் ஒண்டு போட்டு "எ"வில தொடங்கினவன். தேக்குக்குள்ள இயற்கையாவே சிலிக்கா இருக்கு, மணல் மாதிரி, எந்தக் கூரான வாளையும் கெதியா மொட்டையாக்கும். எங்கட அனுபவத்தில தேக்கில ஒரு பிளேட்ட இருபது நிமிசம், கூடினா அரை மணித்தியாலம் நம்பலாம். நாங்க பிறகு கணக்குப் பாத்தா அந்த ஒரு பிளேட் வெள்ளியும் சனியுமாச் சேத்து ரெண்டரை மணித்தியாலம் வெட்டியிருக்கு. ஏன் மாத்தேல்ல? பக்கெட்டில ரெண்டே ரெண்டுதான் மிச்சம் இருந்தது, சனிக்கிழமை பின்னேரம் பழைய சோனகத் தெருவுக்கு ஓடினன், வழமையா வாங்கிற ஹார்ட்வெயார் கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்து "இருக்கிறத வச்சுச் சமாளி, அந்த ரெண்டையும் சுழிக்கு வச்சிரு" எண்டு சொன்னது நான்தான். ஒரு பிளேட்டின்ட விலை பிளேன்டீயும் வடையும் சாப்பிடுற காசு.

ரெண்டாவது விசயமும் நான் செய்ததுதான். பிளேட்டுக்குப் பக்கத்தில மரத்த மேசையோட அமத்திப் பிடிக்கிற கால் ஒண்டு இருக்கும். கோட்ட மறைக்குது, சத்தம் போடுது எண்டு மெஷின் வாங்கின முதல் மாசமே கழட்டி லாச்சிக்குள்ள போட்டனான். கனபேர் அப்பிடித்தான் கழட்டி வச்சிருக்கினம். பெரிய பலகை எண்டா பெரிசா வித்தியாசம் தெரியாது, ரெண்டு கையும் பரவலா அமத்திக்கொண்டிருக்கும். சின்னத் துண்டு எண்டா கதையே வேற, பிளேட் மேல போகேக்க துண்டையும் தூக்கிக்கொண்டு போகும், கீழ வரேக்க மேசையில அடிக்கும், நிமிசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தரம்.

மூண்டாவது, தூள் ஊதுற ட்யூப் நெளிஞ்சு அடைச்சிருந்தது. கோடு தூளால மூடுப்பட, அவன் வாயால ஊதி ஊதி முகத்தக் கிட்டக் கொண்டு போயிருக்கிறான். லைட்டும் முதுகுக்குப் பின்னால, அவன்ட தலை நிழல் பிளேட்டுக்கு மேலதான் விழும். நான் அப்ப வெளியில "ழி"க்கு வார்னிஷ் அடிச்சுக்கொண்டு நிண்டனான். மோட்டர்ச் சத்தம் வழமையா ஒரே சீரா ஓடும், திடீரெண்டு டக்டக்டக் எண்டு மேசையில மரம் அடிக்கிற சத்தம், பிறகு அந்த அடி நிண்டுது, பிறகு "அண்ணே, பட்டுருச்சுண்ணே" எண்டு மெல்லிய குரல். கத்தேல்ல. விரல மற்றக் கையால பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், மெஷின் இன்னும் ஓடுது, சுவிட்ச் மெஷினின்ட மற்றப் பக்கம், எட்டி நிப்பாட்ட அவனுக்கு மூண்டாவது கை இல்ல.

சுத்தமான துணியால இறுக்கி அமத்தி, கையத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அப்பிடியே த்ரீவீலில பெரியாஸ்பத்திரி எக்சிடன்ட் பக்கம் கொண்டு போனம். பக்கத்து வீட்டு மாமி கோப்பித்தூள் கொண்டு ஓடி வந்தவ, பாவம் நல்ல மனம்தான், ஆனா வெட்டுக் காயத்துக்குள்ள தூள் ஒண்டையும் போடக்கூடாது, டொக்டர் பிறகு அத ஒவ்வொண்டாக் கழுவி எடுக்கோணும். காயம் இன்னும் பெரிசெண்டா 1990 அம்புலன்சுக்கு அடிச்சிருப்பன். நாலு தையல், ஏற்பு ஊசி. எலும்பில படேல்ல. ஸ்க்ரோல் சோ பிளேட் கத்தி மாதிரி நேரா வெட்டாது, பிச்சுப் பிச்சுத்தான் வெட்டும், அதால காயம் சின்னனா இருந்தாலும் ஓரம் கிழிஞ்ச மாதிரி இருக்கும், ஆற நாள் எடுக்கும்.

அந்தப் புள்ளியே சொன்ன சாட்சி

ஆஸ்பத்திரியால வந்து இரவு பத்து மணிக்கு லைட்டப் போட்டுக் கொட்டிலக் கூட்டேக்க அந்தப் புள்ளி மேசைக்குக் கீழ கிடந்தது. கழுவி வேர்னியரால அளந்து பாத்தன். மேல் பக்கம் 15 மில்லிமீற்றர், நடு 16க்கும் கொஞ்சம் கூட. பக்கச் சுவர் நேரா இல்ல, வயிறு வச்ச மாதிரி வெளிய தள்ளியிருந்தது. ரெண்டு இடத்தில கோப்பி நிறத்தில எரிஞ்ச அடையாளம்.

இதுக்கு என்ன அர்த்தம்? பிளேட்ட மேலயும் கீழயும்தான் பிடிச்சிருக்கு, நடுவில பிடி இல்ல. கூர் போன பிளேட் தானா வெட்டாது, நீங்க மரத்தத் தள்ளத் தள்ள பிளேட் பின்னுக்கும் பக்கத்துக்கும் வில் மாதிரி வளையும், வெட்டு வயிறு வைக்கும். வெட்டாத பல்லு உரசும், உரசினா சூடு, சூடெண்டா எரிவு. அப்ப அந்த வயிறும் எரிவும் அவன் எவ்வளவு பலமாத் தள்ளிக்கொண்டு நிண்டிருக்கிறான் எண்டதுக்கு ஆதாரம். அவனிட்டக் கேட்டா, "வெட்ட மாட்டேங்குதுண்ணே, அதான் பின்னாடி விரல வச்சு அமுக்குனேன்" எண்டான்.

இதுதான் முழுக் கதையும். பின்னாடி விரல். சாதாரணமா மரத்த ரெண்டு பக்கத்தாலயும் பிடிச்சு, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிளேட்டுக்கு இடமும் வலமுமா இருக்கோணும். அப்பிடி இருந்தா மரம் வழுக்கினாலும் விரல் பிளேட்டுக்குப் பக்கத்தால போகும், பிளேட்டில போய் முட்டாது. மொட்டை பிளேட் உங்கள அப்பிடிப் பிடிக்க விடாது, பலம் காணாது, அப்ப விரல் தானா மரத்துக்குப் பின்னால, பிளேட்டுக்கு நேர் எதிர்க்கப் போயிடும். அந்த நேரம் வெட்டு முடியுற கடைசி ஒரு மில்லிமீற்றர் இருக்கே, அதுவரைக்கும் தடுத்துக்கொண்டு நிண்ட மரம் சட்டெண்டு விடும், தள்ளின பலம் முழுக்க விரலோட முன்னுக்குப் போகும். அதோட துண்டு மேல எழும்பி அடிச்சிருக்கு, அமத்துற கால் இல்ல. அவன்ட கவனத்தில பிழை எங்க இருக்கு? எவ்வளவு கவனமான ஆளா இருந்தாலும் அந்த இடத்தில கை அங்கதான் போகும்.

அதால நான் இப்ப பட்டறையில சொல்லுறது ஒண்டே ஒண்டு: தள்ளோணும் போல இருந்தா நிப்பாட்டு. ஸ்க்ரோல் சோவில மரத்தக் கொண்டு போய்க் குடுக்கிறதுதான் எங்கட வேலை, தள்ளுறது இல்ல. தள்ள வேண்டி வந்தா பிளேட் மொட்டை, இல்லாட்டி டென்ஷன், அதாவது பிளேட்டின்ட இறுக்கம், காணாது, இல்லாட்டி அந்தத் தடிப்புக்கு பிளேட் பிழை, இல்லாட்டி பல்லுத் தலைகீழா இருக்கு. நாலில ஒண்டு.

திருப்பி வெட்டின விதம்

அன்ரிக்கு அண்டிரவே போன் பண்ணிச் சொன்னன். "பலகை கிடக்கட்டும் தம்பி, பிள்ளையின்ட கை எப்பிடி?" எண்டுதான் முதல் கேட்டவ. அடுத்த கிழமை தந்தாக் காணும் எண்டிட்டா. மூண்டு புள்ளியும், வயிறு வச்ச "ம்"மும், வால் உடைஞ்ச "ழி"யும் திருப்பி வெட்டினன். ழி உடைஞ்சதுக்கு விபத்தோட சம்பந்தமில்ல, அது நான் கோடு போட்ட பிழை, வாலுக்குக் குறுக்கால மர ரேகை ஓடியிருந்தது. மெல்லிசான பாகம் எந்தப் பக்கம் நீளமோ ரேகையும் அந்தப் பக்கம் ஓடோணும், இல்லாட்டி தட்டினாலே பிஸ்கட் மாதிரி முறியும்.

முதல் வேலை பிளேட். எங்கட மெஷினோட வந்தது ரெண்டு நுனியிலயும் சின்ன ஊசி குத்தின வகை, கொழுவிறது லேசு, ஆனா அந்த ஊசி போறதுக்கு 5 மில்லிமீற்றர் மட்டில ஓட்டை வேணும், "ல"வின்ட சுழிக்குள்ள அவ்வளவு பெரிய ஓட்டை போட்டா வடிவு கெட்டிடும். ஊசி இல்லாத வகையெண்டா 2 மில்லிமீற்றர் ஓட்டை காணும், பிடிக்கிறதுக்கு ஒரு கிளாம்ப் மாத்தோணும், அவ்வளவுதான். 18 மில்லிமீற்றர் தேக்குக்கு 7ம் நம்பர் எடுத்தன், மெல்லிய பலகைக்கு 2, 3, நடுத்தரத்துக்கு 5. கீழ்ப்பக்கத்தில கொஞ்சப் பல்லு மேல பாத்திருக்கிற வகையா வாங்கினா மரத்தின்ட அடிப்பக்கம் சிலும்பாது, பிறகு சாண்ட் பேப்பர் வேலை பாதி குறையும். மற்றப் பல்லெல்லாம் கீழ பாத்துத்தான் இருக்கோணும். புது ஆக்கள் கனபேர் தலைகீழாப் போடுறவை, அப்ப மரம் குதிக்கும், விரலால மேல தடவிப் பாத்தாலே எந்தப் பக்கம் பிடிக்குது எண்டு தெரியும், பிளக்கக் கழட்டிட்டுத் தடவுங்கோ.

டென்ஷன் பாக்கிறதுக்கு பிளேட்ட நகத்தால சுண்டிப் பாருங்கோ, வீணைத் தந்தி மாதிரிக் கணீரெண்டு கேக்கோணும், தொம் எண்டு கேட்டா காணாது. விரலால பக்கத்துக்கு அமத்தினா 3 மில்லிமீற்றருக்கு மேல அசையக்கூடாது.

மேசை நேரா இருக்கோ எண்டு பாக்க எனக்குப் பிடிச்ச வழி: தடிச்ச கழிவுக் கட்டையில ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் வெட்டி, மெஷின நிப்பாட்டி, கட்டையத் திருப்பி பிளேட்டின்ட பின்பக்கத்தில அந்த வெட்டுக்குள்ள பிளேட்ட விட்டுப் பாருங்கோ. வடிவாப் போய் இருந்தா மேசை நேர், சரிஞ்சு நிண்டா மேசையும் சரிவு. மூலைமட்டமே தேவையில்ல.

கடதாசியில எழுத்த அச்சடிச்சு, முதல் மரத்தில மாஸ்கிங் டேப் ஒட்டி, அதுக்கு மேல கடதாசிய ஒட்டி, ஆக மேல பார்சல் சுத்துற பளபளப்பு டேப் ஒரு பட்டை. அந்த டேப் வெட்டுக்கு வழுவழுப்புக் குடுக்கும், தேக்கில எரிவு நல்லாக் குறைஞ்சுது. அப்பப்பா கை வாளுக்கு மெழுகுதிரி தேய்ச்சு வெட்டினவர் எண்டு அப்பா சொல்லுவார், ரெண்டும் ஒரே வேலைதான்.

வெட்டுற ஒழுங்கு எப்பவும் உள்ளுக்க இருந்து வெளிய. இ, ல, ம எல்லாத்திலயும் சுழியும் உள் இடைவெளியும் முதல், வெளிக்கோடு கடைசி, அப்பதான் கடைசி வரைக்கும் பிடிக்கிறதுக்குப் பெரிய பலகை இருக்கும். இன்னொண்டு, கோட்டுக்கு நேரா மரத்தக் குடுத்தா பிளேட் ஒரு பக்கத்துக்கு இழுக்கும், பயப்பிடாதீங்கோ, அடிச்சு எடுக்கிற பிளேட்டுகளில ஒரு பக்க விளிம்பில மெல்லிய பிசிர் இருக்கும், அந்தப் பக்கம் கூட வெட்டும். மரத்த நாலைஞ்சு பாகை சரிச்சுக் குடுத்தா நேராப் போகும். கையாலப் பக்கத்துக்கு அமத்தித் திருத்தப் பாத்தா திருப்பி அந்த வயிறுதான்.

இப்ப புள்ளி. தம்பி செய்தது, ஒரு சின்னத் துண்ட முதல் அறுத்தெடுத்து, அதக் கையில பிடிச்சு வட்டமாக்கினது. நான் செய்தது, உள்ளங்கை அகலத் தேக்குத் துண்டில மூண்டு வட்டத்தையும் தள்ளித் தள்ளிக் கீறி, அடியில 3 மில்லிமீற்றர் பிளைவூட் ஒண்ட ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பால ஒட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியில, கழிக்கிற பக்கத்தில ஓட்டை போட்டு, பிளேட்டக் கோத்து, வட்டத்தச் சுத்தி வந்தன். கை முழு நேரமும் வெளிப் பலகையில. வெட்டி முடிஞ்ச புள்ளி அப்பிடியே இடத்தில இருந்தது, மேசையில பிளேட் போற ஓட்டையச் சுத்தி ஒரு சின்னத் தகட்டால மூடினதால கீழ விழவும் இடமில்ல. மெஷின நிப்பாட்டி, பிளேட் முழுசா நிண்ட பிறகுதான் எடுத்தது. மூண்டு புள்ளிக்கும் ஒரு புது பிளேட், முன்னூத்தி அறுவது பாகையும் சாண்ட் பேப்பர் தேவைப்படாத அளவுக்கு வழுவழுப்பு. அளந்தன், மேல 15, நடு 15, அடி 15.

இந்த மூண்டு புள்ளிக்கும் ஓட்டை போடுறதோட சேத்து முக்கால் மணித்தியாலம் போச்சு.

கொட்டிலில மாத்தினது

மரத்த அமத்துற கால் திரும்பி மெஷினில ஏறிட்டுது. லைட் இப்ப மேசைக்கு முன்னால இடப்பக்கம், வளைக்கிற கழுத்தோட. மிதி சுவிட்ச் ஒண்டு பூட்டினம், மிதிச்சா ஓடும் காலெடுத்தா நிக்கும் வகை, ஒருக்கா மிதிச்சா ஓடிக்கொண்டே இருக்கிற வகை இதுக்குச் சரிவராது. பிளேட் உடைஞ்சாலும் இது உதவும், ஏனெண்டா உடைஞ்ச பிளேட்டின்ட மேல் துண்டு மெஷினின்ட மேல் கையோட சேந்து தொடர்ந்து குத்திக்கொண்டிருக்கும், அந்த நேரம் கைய எடுத்து சுவிட்ச் தேடக் கூடாது. கொட்டில் ஈரமான இடம், மழைக்கு நிலம் கசியும், அதால வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு அதின்ட டெஸ்ட் பட்டன மாசம் ஒருக்கா அமத்திப் பாக்கிறம்.

பிளேட்டுக்கு ஒரு கொப்பி. போட்ட நேரம் எழுதுறது, தேக்கெண்டா அரை மணித்தியாலத்தில கழட்டுறது, மொட்டையோ இல்லையோ எண்டு யோசிக்கிறதே இல்ல. சிக்கனம் பிடிக்கோணுமெண்டா வேற வழி இருக்கு: பிளேட்டில வெட்டுறது நடுவில உள்ள கொஞ்சப் பல்லு மட்டும்தான், மேசைக்கு மேல 6 மில்லிமீற்றர் பிளைவூட் ஒண்டு போட்டா மரம் உயர்ந்து பாவிக்காத பல்லுக்கு வந்திடும், அதே பிளேட்டில இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

தூளுக்கு இப்ப ட்யூப் மாத்தி, வக்யூம் ஒண்டும் கொழுவியிருக்கு. மரத்தூள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ல மனுசருக்குப் புற்றுநோய் உண்டாக்கிறதெண்ட முதலாம் பிரிவில போட்டிருக்கு, ஸ்க்ரோல் சோவின்ட தூள் மா மாதிரி மெல்லிசு, எம்.டி.எஃப் எண்டுற, மரநார ஒட்டி அமத்திச் செய்யுற பலகைய வெட்டினா இன்னும் மோசம். மாஸ்க் போட்டா கண்ணாடி புகைக்குது எண்டு தம்பி ரெண்டையும் கழட்டி வைக்கிறவன், மூக்குக்கு மேல கம்பி வச்ச மாஸ்க் வாங்கின பிறகு அந்தக் கரைச்சல் இல்ல. கையுறை மட்டும் வேண்டாம், பலபேர் விபத்துக்குப் பிறகு "க்ளவுஸ் போட்டிருந்தா" எண்டினம், துணி பிளேட்டில சிக்கினா விரலையும் சேத்து இழுக்கும்.

பலகை அடுத்த சனிக்கிழமை வத்தளைக்குப் போச்சு. தம்பிக்கு பத்தாம் நாள் தையல் வெட்டினது, அவன் திரும்பி மெஷினுக்கு வந்தது ஒரு மாசத்துக்குப் பிறகு. வெட்டு முந்தின மாதிரித்தான், கை நடுங்கேல்ல. ஆனா விரல் நுனியில இன்னும் உணர்ச்சி முழுசா வரேல்ல. முந்தி வெட்டின ஓரத்த ஆள்காட்டி விரலால ஒருக்காத் தடவிப் பாத்திட்டுத்தான் "ஓகேண்ணே" எண்டு தருவான், இப்ப நடுவிரலால தடவுறான்.